சல்லடையும் ஒரு தம்ளர் தண்ணீரும்

சிப்பிக்கரை வானொலியில் பொய் பேச முடியாமல் போனபோது முதலில் வாயடைத்துப் போனவர்கள் விளம்பரக்காரர்கள். ஊர் அதைக் கொண்டாடியது. அடுத்து அமைச்சர் ஒருவரின் பொங்கல் வாழ்த்து முக்கால்வாசி காற்றோடு போயிற்று; வெளியே வந்தது அவருடைய பெயரும் இருமலும்தான். அதற்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு நாடகங்கள் நின்றன. நேயர் விருப்பத்தில் 'உங்க குரலைக் கேட்டதுல ரொம்ப சந்தோஷம்' என்று கொஞ்சும் பெண்ணுக்கு வேலை போயிற்று. அந்தக் கட்டத்தில்தான் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

எல்லாம் மெய்ச்சல்லடை வந்த பிறகு. யாருடைய குரலையும் இயந்திரமே பேசிக் காட்டிவிடும் காலமாகிப் போயிருந்தது. செத்துப்போன அப்பா போனில் கூப்பிட்டு வீட்டுப் பத்திரத்தைக் கேட்பார். கலெக்டர் குரலில் எவனோ ஊரைக் காலி பண்ணச் சொல்வான். வெறுத்துப்போன அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு வானொலி நிலையத்திலும் மைக்குக்கும் ஒலிபரப்புக்கும் நடுவே ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. பேசுகிறவரின் தொண்டை நடுக்கத்தை அது அளக்கும். மனதார நம்பிச் சொன்னால் குரலை வெளியே விடும். கேட்பவர் வீட்டு ரேடியோவில் பச்சை விளக்கு எரியும். நம்பாமல் சொன்னால் அந்த வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிடும். ஊர் அதைச் சுருக்கமாகச் சல்லடை என்றது.

இத்தனை சலிப்புக்கும் தப்பிப் பிழைத்த ஒரே கேளிக்கை எதுவென்று கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரும் மேஜிக் நிகழ்ச்சி. 'புரொபசர் கனியின் மாயக்கூடம்.'

ரேடியோவில் மேஜிக்கா, யார் பார்ப்பது என்று கேட்கத் தோன்றும். பார்ப்பதற்குத்தான் அமலோற்பவம் இருந்தாள். நிகழ்ச்சியில் அவளுக்குச் 'சாட்சி' என்று பெயர். கனி கைக்குட்டையைப் புறாவாக்கினால், அதைப் பார்த்துத் திகைத்து நேயர்களுக்குச் சொல்ல வேண்டியது அவள் வேலை. மற்ற நிலையங்களில் இருந்த மேஜிக்காரர்கள் ஸ்டுடியோவுக்குள் ஒரு மண்ணும் செய்ததில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சாட்சி "ஐயோ, பறக்குதே!" என்று கத்துவாள், ஒருவன் பனையோலை விசிறியைப் படபடவென்று அடித்து இறக்கைச் சத்தம் கொடுப்பான். சல்லடை வந்த முதல் வாரமே அத்தனை பேரும் ஊமையானார்கள்.

கனி மட்டும் ஒரு மாதிரியான கிறுக்கு. பார்க்க ஆளே இல்லாத அறையில், ஒற்றை மைக்குக்கு முன்னால், ஒவ்வொரு வித்தையையும் மேடையில் செய்வதுபோல் ஒழுங்காகச் செய்வார். எப்படிச் செய்தார் என்று முப்பது வருஷமாக அமலோற்பவத்திடம் மூச்சுவிட்டதில்லை. அதனால் அவளுடைய திகைப்பு அசல் திகைப்பு. சல்லடை அவளை ஒரு தடவைகூட மறித்ததில்லை.

சல்லடைக்காகக் கனி ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்றிக்கொண்டார். மேஜிக்காரன் வாயைத் திறந்தால் வருவது பொய்தானே? ஆகவே மைக் முன்னால் எதையும் 'இது இப்படி' என்று சொல்வதை விட்டார். கேள்வி கேட்பார், இல்லையென்றால் ஏவுவார். "இது என்ன அமலம்? பெட்டியத் தொற. உள்ள என்ன கெடக்கு?" கேள்வியில் பொய் ஏது? சல்லடை பேசாமல் விட்டுவிடும். கூடவே இருந்து இருந்து அமலோற்பவத்துக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது.

*

அந்தக் கோடையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாந்தி ஆரம்பித்தது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கிக் குழாயில் விட்டுக்கொண்டிருந்தது நீலத்தாரை என்ற கம்பெனி. தண்ணீர் பார்வைக்குக் கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் அமலோற்பவத்துக்கு மனசு ஒப்பவில்லை. குழாயை மூடிவிட்டு மாதா கோயில் கிணற்றுக்குக் குடம் தூக்கினாள்.

அடுத்த வீட்டுச் செல்வராணி கேட்கவில்லை. அவளுடைய மகள் பெரியாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தாள். அவளோ அதே குழாயில் பாட்டில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா செல்வராணி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? அந்தத் தண்ணியையா புள்ளைக்குக் கொண்டு போற?"

"தண்ணில ஒண்ணும் இல்லக்கா. காலைல செய்தில சொன்னாவல்லா?"

"ஆரு சொன்னா என்ன? நீ புள்ள மூஞ்சியப் பாரு."

"பச்சை எரிஞ்சிச்சுக்கா," என்றாள் செல்வராணி, அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பதுபோல. "முழிச்சிப் பாத்துட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் அணையவே இல்ல."

பெற்ற பிள்ளை கண் செருகிக் கிடக்கிறாள். தாய்க்காரி கடுகத்தனை விளக்கை நம்பிக்கொண்டு நிற்கிறாள். இவளிடம் போய்ச் செய்தி பொய் என்று எப்படிச் சொல்வது? செய்தி வாசித்த பெண் பொய் சொல்லவில்லையே, சொல்லியிருந்தால் விளக்கு அணைந்திருக்குமே.

*

அந்த வாரமே நீலத்தாரையின் மக்கள் தொடர்பு அதிகாரி கார்முகிலன் நிலையத்துக்கு வந்தான். நல்ல பிள்ளை மாதிரிப் பேசுவான். அமலோற்பவம் டீ குடித்துக்கொண்டிருந்த பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, ஒரு சின்ன அறிக்கை. குழாய்த் தண்ணி சுத்தமானதுன்னு நாலு வரி. ஞாயித்துக்கிழமை உங்க நிகழ்ச்சில நீங்க வாசிக்கணும். செய்தில சொல்லியும் ஊர்ல இன்னும் கொஞ்சப் பேர் முனகறாங்க. உங்க குரல்ல வந்தா அடங்கிடுவாங்க."

"நான் அத நம்பலயே தம்பி. வாயத் தொறந்தா சல்லடை முழுங்கிருமே."

"அதுக்கென்னம்மா, நம்ப வச்சிடலாம்."

"என்னது?"

"எங்க லேபுக்கு வாங்க. மீட்டரு, குடுவை, வெள்ளைக் கோட்டு போட்ட ஆளுங்க. பொறுமையா சுத்திக் காட்டுவோம். செய்தி வாசிக்கற பொண்ணையும் அப்படித்தான் கூட்டிட்டுப் போனோம். வந்து வாசிச்சாங்க, பச்சை எரிஞ்சது."

அமலோற்பவம் தம்ளரைக் கீழே வைத்தாள். "அப்பம் அந்தப் பெட்டிக்குத் தண்ணியப் பத்தி ஒண்ணும் தெரியாதா?"

"தண்ணியைப் பத்தி அதுக்கு எப்படிம்மா தெரியும்? அது பாக்கறது தொண்டையை மட்டும்தான். சொல்றவங்க நம்பறாங்களா, இல்லையா? அவ்வளவுதான் அதோட அறிவு." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். பெருமையை அடக்கிக்கொள்ள முடியவில்லை போலிருக்கிறது. "இப்பல்லாம் நிலையங்கள்ல செய்தி வாசிக்க யாரை எடுக்கறாங்க தெரியுமா? நல்லா வாசிக்கறவங்களை இல்ல, சீக்கிரம் நம்பறவங்களை."

"இத நான் மைக்குல சொன்னா?"

"சொல்ல முடியாதும்மா. சல்லடைங்கற வார்த்தை மைக்குல விழுந்தாலே ஒலிபரப்பு தானா நின்னுடும். சட்டத்துலயே இருக்கு."

அவள் எழுந்தாள். "என் வாயால அந்த அறிக்கை வராது தம்பி. லேபும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். வந்த வழியாப் போங்க."

கார்முகிலன் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்களை நம்ப வைக்கறதுக்குன்னே ஒருத்தர் முப்பது வருஷமா இங்க வேலை பாக்கறாரே. அவர்கிட்ட பேசிக்கறேன்," என்று சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு போனான்.

*

போய்ப் பேசியும் விட்டான். நிலைய இயக்குநர் ஞானதுரைதான் வந்து சொன்னான். "அக்கா, புரொபசர் கம்பெனிக் கார்ல போறத நானே பாத்தேன். சிரிச்சிட்டே போறாரு."

கனி சாமான் அறையில் உட்கார்ந்து பட்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அமலோற்பவம் வாசலிலேயே நின்றாள்.

"என்ன புரொபசர், கம்பெனிக் காரு சொகமா இருந்திச்சா?"

"ஏசி நல்லாருந்திச்சு," என்றார் கனி, தலையைத் தூக்காமல். "ஞாயித்துக்கெழம ஒரு பாட்டில்ல ஒங்க வீட்டுக் குழாய்த் தண்ணி புடிச்சிட்டு வா. மைக்கு முன்னால நான் குடிக்கப் போறேன்."

"வெளையாடுதீங்களா? ஒங்களுக்கு ஏற்கெனவே ஒரு கிட்னி போச்சு. அந்தத் தண்ணியக் குடிச்சா இருக்கதும் போயிரும்."

"கொண்டு வா."

"குடிச்சிக் காட்டிட்டா நான் நம்பிருவேன்னு நெனைக்கீங்களா?"

"நீ என்னைக்கு நம்பாம இருந்திருக்க?" என்றார் கனி.

அந்த ஒரு வார்த்தை அவளைச் சுட்டுவிட்டது. இத்தனை வருஷம் தன் வியப்பை ஒரு மரியாதையாக நினைத்து அந்த மனிதருக்குக் கொடுத்துவந்தாள். அவர் அதை ஏமாளித்தனம் என்றல்லவா கணக்கு வைத்திருக்கிறார்! வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கே போகக்கூடாது என்றுகூட நினைத்தாள். ஆனால் அவள் போகாவிட்டால் அந்த மைக்கில் வேறு ஒருத்தி உட்காருவாள், சீக்கிரம் நம்புகிற ஒருத்தி. ஞாயிறன்று பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்பினாள்.

*

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஞானதுரை ஒலிபரப்பு மேசையில் இருந்தான். அவன் தோளுக்குப் பின்னால் கார்முகிலன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அமலோற்பவத்தின் முன்னால் அந்த நாலு வரி அறிக்கை வைக்கப்பட்டிருந்தது. வித்தையைப் பார்த்து அவள் வாய்பிளந்த சூட்டோடு அதை வாசித்துவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

முகப்பு இசை ஓய்ந்தது.

"அமலம், எங்க இருந்து ஒன்னத் தண்ணி கொண்டு வரச் சொன்னேன்?"

"எங்க வீட்டுக் குழாயில இருந்து."

"பாட்டில் எங்க?"

"இந்தா இருக்கு."

"தம்ளர்ல ஊத்து. நடக்கத நேயர்களுக்குச் சொல்லு."

"ஊத்திட்டேன். தண்ணி தெளிவாத்தான் தெரியுது. புரொபசர் பட்டுத் துணியப் போட்டு மூடுதாரு. ரெண்டு கையாலயும் தூக்குதாரு..."

அப்போதுதான் அவள் பார்த்தாள். துணிக்கு அடியிலிருந்து அவருடைய இடது கை மேசைக்குக் கீழே போய் வந்தது. அங்கே இன்னொரு தம்ளரின் விளிம்பு மின்னியது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் பிடிபடாத கை இன்று பிடிபட்டுவிட்டது. கனி துணியை விலக்கி, தண்ணீரை மடமடவென்று குடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"என்ன பாத்த அமலம்? நேயர்களுக்குச் சொல்லு."

அமலோற்பவத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அறிக்கையைக் கசக்கிக் கீழே எறிந்தாள்.

"சொல்லுதேன். நேயர்களே, நல்லாக் கேளுங்க. இந்த மனுஷன் குடிச்சது நான் கொண்டு வந்த தண்ணி இல்ல. தம்ளர மாத்திட்டாரு, என் கண்ணால பாத்தேன். கம்பெனிக்காரன் குடுத்த தண்ணியக் குடிச்சிட்டு ஒங்க எல்லாரையும் ஏமாத்தப் பாக்காரு. ஒங்க புரொபசர் கனி வெல போயிட்டாரு. கூடவே இருந்த நான் சொல்லுதேன்!"

ஸ்டுடியோ மேசையிலும் ஒரு பச்சை விளக்கு உண்டு; அது அசையாமல் எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கார்முகிலன் பொத்தானைக் காட்டிக் கத்தினான். ஞானதுரையின் பதில் அவளுடைய ஹெட்போனில் தெளிவாக விழுந்தது. "பச்சை எரியும்போது நிறுத்துனா நான் கம்பி எண்ணணும் சார். ஒங்க ஆளுங்க கேட்டு வாங்குன சட்டம்தான்."

கனி சிரித்தார். மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நேயர்களே, ஒங்க ரேடியோவப் பாத்தீங்களா? அமலம் பேசையில பச்சை எரிஞ்சுதா? நல்லது. கண்ண எடுக்காதீங்க. இப்பம் நான் பேசுதேன்." கேள்வியையும் ஏவலையும் விட்டு அவர் நேராகப் பேசிக் கேட்டு வெகுகாலமாயிற்று. "நான் தம்ளர மாத்தல. கீழ போனது வெறுங்கை. அங்க இருக்கது காலித் தம்ளரு, அமலம் கண்ணுல படணும்னு வச்சது. நான் குடிச்சது அவ பாட்டில்ல இருந்த தண்ணி. அவ வீட்டுக் குழாய்த் தண்ணி. நான் எவனுக்கும் வெல போகல. அமலத்த நம்ப வைக்கேன்னு கம்பெனிக்காரன்ட்ட சொன்னேன், வாஸ்தவம். எத நம்ப வைக்கப் போறன்னு அவன் கேக்கல."

பச்சை அணையவே இல்லை.

"எனக்கும் எரியுதா? அவளுக்கும் எரிஞ்சிச்சே? மாத்துனேன்னு அவ சொல்லுதா, மாத்தலன்னு நான் சொல்லுதேன். ரெண்டுக்கும் எப்படி எரியுது? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

ரேடியோவில் மேஜிக் என்று ஒன்று தொடங்கிய காலத்தில் சாட்சி எல்லாம் கிடையாது. மேஜிக்காரர் நேயரை ஒரு காசை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொள்ளச் சொல்வார். இல்லையென்றால் தீக்குச்சிகளை அடுக்கச் சொல்வார். வித்தை ஸ்டுடியோவில் நடக்காது, கேட்கிறவர் கையில் நடக்கும். பொருள் நேயரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். சாட்சியும் விசிறியும் பின்னால் வந்த சோம்பேறித்தனம். கனி இன்று அந்தப் பழைய பாடத்துக்குத் திரும்பியிருந்தார். சல்லடை என்ற சொல்லை உச்சரிக்காமலே, ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும், அவரவர் கண்முன்னால், அதைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

அமலோற்பவத்துக்கு எல்லாம் விளங்கியது. மேசைக்குக் கீழே போன கை தெரியாமல் பிடிபட்ட கை இல்லை, பிடிபடட்டும் என்று காட்டிய கை. அவள் மனதார நம்பி ஒரு பொய்யைச் சொல்ல வேண்டும், அதற்கு அவளுடைய ரோஷம் வேண்டியிருந்தது. 'நீ என்னைக்கு நம்பாம இருந்திருக்க' என்ற சூடும் அதற்காகத்தான். ஊருக்காகத்தான் செய்தார், சரி. ஆனால் ஊரறிய ஒரு நல்ல மனிதனை விலைபோனவன் என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாரே! அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அழவில்லை. மைக்கை வெடுக்கென்று திரும்ப இழுத்தாள்.

"புரொபசர், ஒரு கேள்வி. நீங்க குடிச்சது எங்க வீட்டுக் குழாய்த் தண்ணின்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீதான கொண்டு வந்த?"

"பாட்டில் இந்தா இருக்குன்னேன். குழாயில புடிச்சேன்னு நான் எப்பம் சொன்னேன்?"

கனியின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

"அது மாதா கோயில் கெணத்துத் தண்ணி," என்றாள் அமலோற்பவம். "ஒத்தக் கிட்னியோட நிக்க மனுஷனுக்கு அந்த வெசத்த ஊத்திக் குடுக்க எனக்கு மனசு வரல. நீங்க வெல போயிருப்பீங்களோன்னு நெனச்சிட்டே கெணத்துல எறைச்சேன். அப்பவும் மனசு வரல."

பச்சை எரிந்தது.

"நேயர்களே, நான் சொன்னது தப்பு. தம்ளர மாத்தல. புரொபசர் சொன்னதும் தப்பு. அது குழாய்த் தண்ணி இல்ல. ரெண்டு தப்புக்கும் பச்சை எரிஞ்சிச்சு. காலைச் செய்தி வாசிச்ச புள்ளைக்கும் எரிஞ்சிச்சு. அவ பாவம், அவளுக்கு லேபு, மீட்டருன்னு காட்டி நம்ப வச்சிட்டாவ. சொல்லுதவுக நம்புதாவளான்னுதான் அந்த வெளக்குக்குத் தெரியும், தண்ணியப் பத்தித் தெரியாது. ஏளா செல்வராணி, கேக்கியா? வெளக்கப் பாத்தது போதும். புள்ள மூஞ்சியப் பாரு!"

கனி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. முப்பது வருஷம் பக்கத்தில் ஒருத்தியைத் திகைக்க வைத்தே பழகியவருக்குத் தானாகத் திகைத்து நிற்கத் தெரியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். காற்றில் வெற்று இடைவெளி நீண்டது. ஞானதுரை அந்தப் பக்கமிருந்து யாராவது பேசுங்கள் என்று கையை ஆட்டினான்.

சாட்சி அவள்தானே. பேசினாள்.

"நேயர்களே, புரொபசருக்குப் பேச்சு வரல. கண்ணு கலங்கி இருக்காரு. நான் சொல்லுதேன்கதுக்காவ நம்பாதீங்க. வேணும்னா நேர்ல வந்து பாருங்க."

வந்தார்கள். நிகழ்ச்சி முடிந்து அவர்கள் வெளியே வருவதற்குள் நிலையத்து வாசல் நிரம்பிவிட்டது. சிலர் ரேடியோவைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். கார்முகிலன் தன் காருக்குப் போக வழி தேடிக்கொண்டு படியில் நின்றான். "எல்லாரும் அமைதியா இருங்க. தண்ணி சுத்தமானது. நூத்துக்கு நூறு சுத்தம். ரிப்போர்ட் இருக்கு," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மைக் இல்லாத இடம். எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு செல்வராணி வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்கிறாள், தலைகூட வாரவில்லை. கையில் அந்தக் குழாய்த் தண்ணீர் பாட்டில் இருந்தது. படியேறி, மூடியைத் திருகி எடுத்து, அவனிடம் நீட்டினாள்.

"குடிங்க சார்."

கூட்டம் அவன் முகத்தைப் பார்த்தது. கார்முகிலன் பாட்டிலைப் பார்த்தான். வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை.